பனிப்புயலின் மேற்கு விளிம்பு

வட அமெரிக்காவின் வடகிழக்குக் கரையை ஒட்டிக் குளிர்காலத்தில் எழும் பெரும் புயல்களுக்கு நார்ஈஸ்டர் என்று பெயர். கனடாவின் உட்பகுதியிலிருந்து இறங்கும் உலர்ந்த உறைகுளிர்க் காற்றும், அட்லாண்டிக்கில் வளைகுடா நீரோட்டத்தின் மேலிருந்து வரும் ஈரம் செறிந்த வெப்பக் காற்றும் கரையோரத்தில் எதிரெதிரே நிற்கும். அவற்றுக்கு மேலே, ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்றோட்டத்தின் வளைவு ஒன்று வந்து சேர்ந்தால், கடற்பரப்பில் காற்றழுத்தம் மளமளவென்று சரியத் தொடங்கும். ஒரே நாளில் 24 மில்லிபாரோ அதற்கு மேலோ சரியும் இத்தகைய புயல்களை ஃபிரெட் சாண்டர்ஸ், ஜான் கியாகும் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்ட கட்டுரையில் ‘வெடிகுண்டு’ என்றே அழைத்தார்கள். அகலாங்கைப் பொறுத்து அந்த அளவு சற்று மாறும். முந்தைய நாள் வரைபடத்தில் ஒரு சிறு சுழியாகத் தெரிந்தது, மறுநாள் ஐந்தாறு மாநிலங்களின் அன்றாடத்தை நிறுத்திவிடும்.

வாஷிங்டன், பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க், பாஸ்டன் ஆகிய ஐந்து நகரங்களும் கரையோரமாக, தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்துள்ளன. நார்ஈஸ்டர் நகரும் பாதையும் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு இணையானதே. புயலின் மையம் கடலில் இருக்க, அதற்கு மேற்கிலும் வடமேற்கிலும் உள்ள குளிர்ந்த நிலப்பகுதியில் பனி கொட்டும். மையம் கரையை நெருங்கி வந்தால் கடலின் வெப்பம் உள்ளே புகுந்து, நகரங்களில் பனிக்குப் பதில் மழை பெய்யும். விலகிப் போனால் வானம் மூட்டமாக இருந்து, சில தூறல்களோடு கலைந்துவிடும். இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர். பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வரும் ஒரு காற்றுச் சுழற்சி அந்த இடைவெளிக்குள் எங்கே போகும் என்று இரண்டு நாள் முன்பே சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் பனிப்பொழிவைக் கணிப்பவர்களின் வேலை இதுதான்.

இங்குள்ள ஒவ்வொரு தலைமுறைக்கும் அதற்கென ஒரு புயல் நினைவில் இருக்கிறது. பாஸ்டன்காரர்களுக்கு அது 1978 பிப்ரவரி 6, 7 தேதிகளில் வந்தது. அந்தப் புயலைக் கணினி முன்கூட்டியே கண்டிருந்தது. கடும் பனி வரும் என்று வானிலைச் சேவை எச்சரித்தும் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை அதிகாலையில் தொடங்கும் என்று சொன்ன பனி, மக்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம் வரை தொடங்கவில்லை. எச்சரிக்கை பொய்த்தது என்று எண்ணி எல்லோரும் அலுவலகம் போனார்கள். முற்பகலில் தொடங்கிய பனி அசுர வேகம் எடுத்தது. பிற்பகலில் வீடு திரும்பக் கிளம்பியவர்களின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் 128ஆம் எண் நெடுஞ்சாலையில் அப்படியே புதைந்தன. புகைபோக்கிக் குழாயைப் பனி அடைத்துக்கொள்ள, காருக்குள்ளேயே நச்சுப்புகையில் இறந்தவர்களும் உண்டு. பாஸ்டனில் 27.1 அங்குலம், அதாவது 69 சென்டிமீட்டர் பனி பதிவானது. ஆளுநர் மைக்கேல் டுகாக்கிஸ் கம்பளிச் சட்டையோடு தொலைக்காட்சியில் தோன்றி, வண்டி ஓட்டத் தடை என்று நாள்தோறும் அறிவித்தது இன்றும் அந்த ஊர்ப் பெரியவர்களின் பேச்சில் வரும். புயல் வரும் என்ற கணிப்பு பிழையாகவில்லை. தொடங்கும் நேரத்தில் சில மணி நேரம் தவறியது. அந்தச் சில மணி நேரத்தில் நம்பிக்கை போய்விட்டது. கணிப்பின் துல்லியம் என்று பேசும்போது நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று அந்தக் கரையில் இல்லை.

2000 ஜனவரி 24ஆம் தேதி நடந்தது வேறு வகை. கணினி மாதிரிகள் அன்று உருவான புயலைக் கடலுக்குள் அனுப்பிவிட்டன. மாலைச் செய்தியில் பெரிதாக ஒன்றும் சொல்லப்படாத நிலையில் தூங்கப்போன வாஷிங்டன் மறுநாள் வெள்ளையாக விழித்தது. வட கரோலினாவின் ராலேயில் 20.3 அங்குலம் விழுந்து, அந்த ஊரின் பழைய பதிவுகளையெல்லாம் கடந்தது. அடுத்த ஆண்டு, 2001 மார்ச் தொடக்கத்தில், இதற்கு நேர் எதிர். வாஷிங்டன் முதல் நியூயார்க் வரை வரலாறு காணாத பனி வரும் என்று நாட்கணக்கில் சொல்லப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன, விமானங்கள் ரத்தாயின. புயல் வடக்கே தள்ளி உருவாகி நியூ இங்கிலாந்தில் பொழிந்தது. நியூயார்க்கில் சில அங்குலங்களே விழுந்தன. ஓராண்டு இடைவெளியில் வந்த இந்த இரண்டு புயல்களும் ஒரு தலைமுறைக் கணிப்பாளர்களின் மனத்தில் எதிரெதிரான இரண்டு அச்சங்களைப் பதித்தன.

நகர நிர்வாகங்களுக்கு இருந்த அச்சம் ஒருபக்கமானது. 2010 டிசம்பர் 26இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 20 அங்குலம் பனி விழுந்தது. அப்போது கணினி மாதிரிகள் புயலைக் கடலுக்குள் விட்டுவிட்டு, கிறிஸ்துமஸை ஒட்டித்தான் திரும்பக் கரைக்குக் கொண்டுவந்தன. பல தெருக்களில் நாட்கணக்கில் பனி அள்ளப்படாமல் கிடக்க, ஆம்புலன்ஸ்கள் சிக்கி நின்றன. மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க் கடும் கண்டனத்துக்கு ஆளானார். 2014 நவம்பரில் எரி ஏரியின் ஈரத்தால் பஃபலோவின் தெற்கே ஐந்தடிக்கு மேல் பனி குவிந்தபோது, மாநில நெடுஞ்சாலையில் வண்டிகள் இரவெல்லாம் மாட்டிக்கொண்டன. அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் 2015 ஜனவரிப் புயல் வந்தது. அதையொட்டி நியூயார்க்கில் எடுக்கப்பட்ட முடிவுகளை எடைபோட இந்தப் பின்னணி வேண்டும்.

2015 ஜனவரி 23, வெள்ளிக்கிழமை. கனடாவின் ஆல்பர்ட்டா பக்கத்திலிருந்து ஒரு சிறு தாழ்வு அமெரிக்காவின் நடுப்பகுதியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வகைத் தாழ்வுகள் வேகமானவை, ஈரம் குறைந்தவை; வழியில் ஓரிரு அங்குலம் தூவிவிட்டுப் போகும். ஆனால் சில நேரம் அப்பலாச்சியன் மலைகளைத் தாண்டும்போது நிலத்தின் மேலுள்ள மையம் தேய்ந்து, கரைக்கு வெளியே கடலில் இரண்டாவது மையம் ஒன்று முளைக்கும். பழைய மையத்தின் மேலடுக்குச் சுழற்சி முழுவதும் புதியதற்குக் கைமாறும். இந்தக் கைமாற்றம் எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடக்கும் என்பதே கேள்வி. ஆறு மணி நேரம் தாமதித்தால் புயல் அதற்குள் கிழக்கே நகர்ந்திருக்கும்.

புயலைப் பின்தொடர்வது என்றால் வெளியே போய் வானத்தைப் பார்ப்பதல்ல; கணினி மாதிரிகளின் அடுத்த ஓட்டத்துக்காகக் காத்திருப்பது. உலகெங்கும் பலூன் நிலையங்களிலிருந்து நாளுக்கு இருமுறை, ஒரே நேரத்தில், வானிலை பலூன்கள் ஏறுகின்றன. நியூயார்க் பகுதிக்கான பலூன் லாங் ஐலண்டில் அப்டன் என்ற ஊரிலிருந்து ஏறும். அந்தப் பலூன்களின் அளவீடும் செயற்கைக்கோள், விமானம், கடல்மிதவை ஆகியவற்றின் அளவீடும் கணினிக்குள் போய், அடுத்த பல நாட்களின் வளிமண்டலமாக வெளியே வரும். அமெரிக்க மாதிரியான ஜிஎஃப்எஸ் நாளுக்கு நான்கு முறை ஓடும். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் உள்ள ஐரோப்பிய நடுத்தரகால முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி அப்போது நாளுக்கு இருமுறை வந்தது. அதன் இரவு ஓட்டம் நியூயார்க் நேரப்படி ஒரு மணிக்கு மேல்தான் வந்து சேரும். அதற்காக விழித்திருக்கும் பழக்கம் கணிப்பாளர்களுக்கு மட்டும் உரியதன்று. பள்ளி மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், லாரி ஓட்டுநர்கள், பனி அள்ளும் ஒப்பந்தக்காரர்கள் என்று அந்தக் கரையில் ஆயிரக்கணக்கானோர் குளிர்கால இரவுகளில் வரைபடம் ஒவ்வொன்றாக விரிவதைப் பார்த்திருப்பார்கள்.

வார இறுதியில் ஐரோப்பிய மாதிரி புயலைக் கரைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து நியூயார்க்கின் மேல் இரண்டடிப் பனியைக் காட்டியது. குறுகிய பகுதிக்கென ஓடும் அமெரிக்க மாதிரி ஒன்றும் அதே பக்கம் சாய்ந்தது. ஜிஎஃப்எஸ் மட்டும் புயலைச் சற்றுக் கிழக்கே வைத்து, நகருக்குக் குறைவாகவே கொடுத்தது. ஜிஎஃப்எஸ் ஜனவரி 14ஆம் தேதிதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதன் கட்டங்களின் அகலம் 27 கிலோமீட்டரிலிருந்து 13 கிலோமீட்டராகக் குறைந்திருந்தது. ஆனால் பன்னிரண்டு நாள் வயதுள்ள ஒரு மாதிரியின் குணத்தை யாரும் இன்னும் அறிந்திருக்கவில்லை. ஐரோப்பிய மாதிரிக்கோ பெரும் புகழ் இருந்தது. 2012 அக்டோபரில் சாண்டி சூறாவளி இடப்பக்கம் திரும்பி நியூஜெர்சியில் ஏறும் என்று ஒரு வாரம் முன்பே சொன்னது அதுதான். அப்போது ஜிஎஃப்எஸ் சாண்டியைக் கடலுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த நினைவு மூன்றாண்டுகூட ஆகாதது. பழைய ஜிஎஃப்எஸ்ஸின் பிழையைக் கண்ட எவரும் இந்தமுறை ஐரோப்பிய மாதிரியின் பக்கம் சாய்ந்தது இயல்பு. அதை அலட்சியம் என்று சொல்ல இடமில்லை. அனுபவம் அப்படித்தான் வேலை செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்குக்குப் பனிப்புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அமெரிக்க வானிலைச் சேவையின் இலக்கணப்படி, மணிக்கு 56 கிலோமீட்டரோ அதற்கு மேலோ காற்று வீசி, கண்ணுக்குத் தெரியும் தூரம் நானூறு மீட்டருக்குள் சுருங்கி, இரண்டும் மூன்று மணி நேரம் நீடித்தால்தான் அது ‘பிளிசர்ட்’. நகருக்கு இருபது முதல் முப்பது அங்குலம் வரை என்று எண்கள் வந்தன. நகரின் வரலாற்றிலேயே பெரிய பனிப்புயலாக இது அமையக்கூடும் என்று மேயர் பில் டி பிளாசியோ செய்தியாளர்களிடம் சொன்னார். கடைகளில் ரொட்டியும் பாலும் தீர்ந்தன. உப்பு தூவும் லாரிகளும் பனி அள்ளும் வண்டிகளும் வரிசைகட்டின. திங்கள் காலை பனி தொடங்கியது. பிற்பகலில் அது வேகமாகவே பெய்தது. ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ இரவு பதினொரு மணிக்கு மேல் சாலைகளில் வண்டி ஓட்டத் தடை விதித்தார். சுரங்க ரயிலையும் அதே நேரத்தில் நிறுத்தச் சொன்னார். 1904இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் பனிக்காக முழுவதும் நிறுத்தப்பட்டது அதுவே முதல்முறை. பிராட்வே நாடகங்கள் இல்லை. எப்போதும் தூங்காத டைம்ஸ் சதுக்கத்தில் காவலர்களையும் பனியையும் தவிர வேறொன்றும் இல்லாத படங்கள் உலகெங்கும் போயின.

அந்த இரவு ரேடாரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு விஷயம் மெல்லத் தெரியத் தொடங்கியது. கடும் பனிப்பட்டை லாங் ஐலண்டின் மேல் வடக்குத் தெற்காக நின்றது. அது மேற்கே வர வேண்டும், நகரின் மேல் வந்து நிற்க வேண்டும் என்பதே கணிப்பு. ஒவ்வொரு படத்திலும் அது சற்று மேற்கே எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. நகரின் மேல் விழுந்துகொண்டிருந்தது மெல்லிய பனிதான். மாதிரிகளின் மாலை ஓட்டங்களும் கிழக்கே நகரத் தொடங்கியிருந்தன. நள்ளிரவு தாண்டியதும் நகருக்கான எண்கள் குறைக்கப்பட்டன. செவ்வாய்க் காலை தடை நீக்கப்பட்டு, ரயில்கள் மீண்டும் ஓடின. சென்ட்ரல் பார்க்கில் அளந்தபோது 9.8 அங்குலம் இருந்தது, 25 சென்டிமீட்டர். வேறு எந்த ஊருக்கும் அது பெரிய பனிதான். இரண்டரை அடி என்று சொல்லப்பட்ட நகருக்கு அது ஏமாற்றமாகவும் கோபமாகவும் தெரிந்தது.

ஆனால் அதே காலையில் சென்ட்ரல் பார்க்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தள்ளி, லாங் ஐலண்டின் ஐஸ்லிப் விமான நிலையத்தில் 24.9 அங்குலம் கிடந்தது. பாஸ்டனில் இரண்டடிக்கு மேல். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 34.5 அங்குலம், அதாவது 88 சென்டிமீட்டர். அந்த நகரில் ஒரே புயலில் விழுந்த மிகப் பெரிய பனியாக அது பதிவாயிற்று. நான்டக்கெட் தீவு முழுவதும் மின்சாரம் இழந்தது. மார்ஷ்ஃபீல்டில் கடல் தடுப்புச் சுவர் உடைந்து வீடுகள் சேதமாயின. இந்தப் பகுதிகளுக்கெல்லாம் சொல்லப்பட்டது சொன்னபடி நடந்தது. புயலின் வலிமை, காற்று, கடல் எழுச்சி எல்லாம் நாட்கள் முன்பே சரியாகக் கணிக்கப்பட்டிருந்தன. மையத்தின் பாதை எண்பது முதல் நூற்றிருபது கிலோமீட்டர் வரை கிழக்கே விலகியது, அவ்வளவே. வானிலை அறிவியலின் அளவுகோலில் அது சிறிய பிழை. புயலின் மேற்கு விளிம்பு அன்று அமெரிக்காவின் மிகப் பெரிய நகரத்தின் மேல் போனதால்தான் அந்தச் சிறிய பிழை எண்பது லட்சம் பேர் கண்ணில் பட்டது. அந்த விளிம்பு வெறும் காட்டின் மேல் போயிருந்தால், 2015 ஜனவரிப் புயல் பாடநூல்களில் நல்ல கணிப்புக்கு எடுத்துக்காட்டாக இருந்திருக்கும்.

விளிம்பு ஏன் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதற்குக் காரணம் பனிப்பட்டைகள். புயலின் வடமேற்குப் பக்கத்தில் குளிர்க்காற்றும் வெப்பக்காற்றும் நெருக்கப்படும் இடத்தில் காற்று ஒரு குறுகிய சுவராக மேலெழும். சுவரின் அகலம் முப்பது, நாற்பது கிலோமீட்டர் இருக்கலாம்; நீளம் பல நூறு கிலோமீட்டர். அதன் கீழே மணிக்கு இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை பனி கொட்டும். மேலெழுந்த காற்று எங்காவது இறங்கியாக வேண்டுமே. அது பட்டையின் இருபுறமும் இறங்கும். இறங்கும் காற்று வெப்பமடைந்து உலரும், அங்கே பனி மெலியும். ஆகவே பட்டைக்குள் இருக்கும் ஊருக்கும் பட்டைக்கு வெளியே இருபது கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்கும் நடுவே வேறுபாடு படிப்படியாகக் குறைவதில்லை, சட்டென்று விழும். பட்டை உருவாகும் என்று அன்றே மாதிரிகளால் சொல்ல முடிந்தது. எந்த மாவட்டத்தின் மேல் என்பது புயல் தொடங்கிய பிறகும் உறுதியாகவில்லை.

பாதையும் பட்டையும் சரியாக அமைந்தாலும் கணக்கு முடிவதில்லை. மாதிரி தருவது எவ்வளவு நீர் விழும் என்பதை. அது எவ்வளவு உயரப் பனியாகக் குவியும் என்பது தனிக் கேள்வி. ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்று ஒரு பழைய கணக்கு உண்டு. சராசரிக்கு அது பொருந்தும், ஒரு குறிப்பிட்ட புயலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. உறைநிலையை ஒட்டிய ஈரப் பனியில் ஓர் அங்குல நீர் ஐந்து அங்குலமே தரும். மேகத்தின் நடுவே வெப்பநிலை -12 முதல் -18 டிகிரி செல்சியஸ் வரை இருந்து, அங்கேயே காற்று வேகமாக மேலெழுந்தால், ஆறு கிளை விரிந்த நட்சத்திரப் படிகங்கள் வளரும். அவை ஒன்றன்மேல் ஒன்று கிளைகோத்து விழும்போது நடுவே காற்று நிறைந்து இலவம்பஞ்சுபோல் மெத்தென்று குவியும்; அதே நீர் அப்போது இருபது அங்குலம்கூட ஆகும். காற்று பலமாக வீசினால் விழும் வழியிலேயே கிளைகள் முறிந்து மறுபடி அடர்த்தியாகும்.

வெப்பநிலையும் ஈரமும் படிகத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை ஐயமற நிறுவியவர் ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நாகாயா. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் குளிர் அறையில், ஒரு முயல் மயிரின் நுனியில், 1936இல் அவர் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். வானத்தில் மேகத்துக்குள் தொங்கவிட முடியாததை அறைக்குள் தொங்கவிட்டு, எந்த வெப்பநிலையில் ஊசி, எதில் தட்டு, எதில் நட்சத்திரம் என்று வரைந்து வைத்தார். இன்றைய கணிப்பாளர் பனியின் உயரத்தை மதிப்பிடும்போது, மேகத்தின் எந்த அடுக்கில் எந்த வெப்பநிலை என்று பார்ப்பது அந்த வரைபடத்தின் வழியில்தான். பொறுமையாகச் செய்யப்பட்ட அடிப்படை ஆய்வு எத்தனை காலம் உழைக்கிறது என்பதற்கு நாகாயாவின் முயல் மயிர் ஒன்றே போதும்.

இவற்றோடு கரையோரத்தில் இன்னொரு சிக்கல். மேலிருந்து பனியாக இறங்குவது, வழியில் சில நூறு மீட்டர் தடிமனுள்ள வெப்ப அடுக்கைக் கடந்தால் உருகிவிடும். அதன்கீழ் உள்ள குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால் மறுபடி உறைந்து பனிக்குருணையாகத் தரையில் தெறிக்கும். மெல்லியதாக இருந்தால் நீராகவே வந்து, தொட்ட கம்பியிலும் கிளையிலும் சாலையிலும் கண்ணாடியாக உறையும். அந்த வெப்ப அடுக்கு உறைநிலைக்கு ஒரு டிகிரி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஓரடிப் பனியும் வெறும் மழையும் மாறிவிடும். நாளுக்கு இருமுறை ஏறும் பலூன் அந்த ஒரு டிகிரியைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் அளக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

2015 ஜனவரிப் புயலில் பிலடெல்பியாவுக்குப் பத்து அங்குலத்துக்கு மேல் சொல்லப்பட்டது. ஓரிரு அங்குலம் விழுந்தது. அந்தப் பகுதிக்கான வானிலைச் சேவையின் மவுண்ட் ஹோலி அலுவலகத்தின் தலைவர் கேரி சட்கோவ்ஸ்கி அந்த இரவே, முடிவெடுத்த அதிகாரிகளிடமும் மக்களிடமும் ட்விட்டரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நாங்கள் சரியாகச் சொல்வோம் என்று நம்பிக் கடினமான முடிவுகளை எடுத்தீர்கள், நாங்கள் சரியாகச் சொல்லவில்லை என்பது அதன் சாரம். ஓர் அரசு அலுவலர் மாலையில் சொன்னதை நள்ளிரவில் திருத்தி, பொறுப்பையும் தானே ஏற்பது அரிது. அந்தச் செய்தி அவர்மீதான மதிப்பைக் கூட்டியது, கூட்டியிருக்கவும் வேண்டும். வானிலைச் சேவையின் இயக்குநராக அப்போது இருந்தவர் லூயி உச்செலினி. பால் கோச்சினுடன் சேர்ந்து வடகிழக்குப் பனிப்புயல்களைப் பற்றி இரண்டு பெரும் தொகுதிகள் எழுதியவர். இத்துறையில் அதற்கு மேல் அறிந்தவர் என்று ஒருவரைக் காட்டுவது கடினம். அவரும் செய்தியாளர்களிடம் பேசும்போது, நிச்சயமின்மையை மக்களுக்கு இன்னும் நன்றாகச் சொல்லும் வழி வேண்டும் என்பதையே வலியுறுத்தினார்.

தவறு உண்மையில் அங்கேதான் இருந்தது. ஐரோப்பிய மையம் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே கணிப்பைத் தருவதில்லை. தொடக்கநிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஐம்பத்தொரு கணிப்புகளை ஓட்டுகிறது. அமெரிக்கத் தரப்பில் அப்போது இருபத்தொன்று. இந்த முறை 1992 டிசம்பரிலிருந்தே இரு பக்கமும் நடைமுறையில் உள்ளது. புயலின் பாதை எவ்வளவு அகலமாகச் சிதறுகிறது என்பதை அந்தக் கூட்டம் காட்டும். நியூயார்க் அந்தச் சிதறலின் ஓரத்தில் இருந்தது. அறிவியலின் கையில் இருந்த அந்தத் தகவல், மக்களிடம் போய்ச் சேரும்போது ‘இருபது முதல் முப்பது அங்குலம்’ என்ற இரண்டு எண்களாகச் சுருங்கிவிட்டது. தொலைக்காட்சியில் அதிலும் பெரிய எண்ணே நின்றது. பத்து அங்குலத்துக்குக் கீழே போகவும் வாய்ப்பு இருக்கிறது, அது எவ்வளவு என்று சொல்லியிருந்தால் ஆளுநர் ரயிலை நிறுத்தாமல் இருந்திருப்பாரா என்று தெரியாது. நிறுத்தியிருக்கலாம். 1978இன் நெடுஞ்சாலையை நினைவில் வைத்திருப்பவர் நிறுத்துவதே சரி என்பார். ஆனால் காலையில் எழுந்த மக்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

பின்வந்த குளிர்காலங்களில் வானிலை அலுவலகங்கள் பல, ஒரு வரைபடத்துக்குப் பதில் மூன்றை வெளியிடத் தொடங்கின: பெரும்பாலும் எதிர்பார்க்கும் அளவு, குறைந்தால் இவ்வளவு, கூடினால் இவ்வளவு. ஒவ்வொரு ஊருக்கும் நான்கு அங்குலத்துக்கு மேல் விழ எத்தனை சதவீத வாய்ப்பு, பன்னிரண்டுக்கு மேல் எத்தனை என்ற பட்டியலும் சேர்ந்தது. பள்ளியை மூட வேண்டியவருக்கும், விமான நிலையத்தில் ஓடுபாதையைத் துடைக்க ஆள் வைக்க வேண்டியவருக்கும் ஒரே எண் உதவாது என்பதை இந்த முறை ஏற்றுக்கொள்கிறது. ஜனவரிப் புயலில் தப்பிய நியூயார்க் அதை விரைவில் மறந்தது. பாஸ்டனால் மறக்க முடியவில்லை. அந்தப் பிப்ரவரியில் மட்டும் அங்கே 64.8 அங்குலம் விழுந்து, குளிர்காலம் முழுவதற்கும் 110.6 அங்குலமாகி, 1995-96இன் 107.6 என்ற பதிவைக் கடந்தது. பனியைக் கொட்ட இடமில்லாமல் குவித்த மலைகள் கோடைவரை கரையவில்லை.

அடுத்த ஆண்டு, 2016 ஜனவரி 22 முதல் 24 வரை வந்த புயலில் விளிம்பு மறுபக்கம் நகர்ந்தது. வாஷிங்டனிலும் பால்டிமோரிலும் பெரும் பனி விழும் என்று பல நாள் முன்பே மாதிரிகள் ஒத்துக்கொண்டன. நியூயார்க் இம்முறை புயலின் வடக்கு விளிம்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை வரை நகருக்குச் சொல்லப்பட்டது ஓரடியை ஒட்டிய அளவே. சனிக்கிழமை பட்டை எதிர்பார்த்ததைவிட வடக்கே ஏறி, நகரின் மேல் வந்து நின்றது. பிற்பகல் இரண்டரை மணிக்கு மறுபடி வண்டி ஓட்டத் தடை வந்தது. கணிப்பு நேரத்தோடு உயர்த்தப்பட்டு, முடிவுகளும் நேரத்தோடு எடுக்கப்பட்டன.

விழுந்து முடிந்த பிறகும் வாதம் ஓயவில்லை, ஏனெனில் பனியை அளப்பதும் எளிதன்று. வெள்ளையடித்த ஒரு மரப்பலகையைத் திறந்தவெளியில் வைத்து, அதன்மேல் குவிந்ததை அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு வரை அளக்க வேண்டும். பலகையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக் கூடாது. பனி தன் எடையில் தானே அமுங்கும் என்பதால், அடிக்கடி துடைத்து அளந்து கூட்டினால் தொகை பெருகிவிடும். காற்று பலகையைச் சூறையாடும், அல்லது அதன்மேல் மேடு கட்டும். 2016இல் வாஷிங்டன் ரேகன் தேசிய விமான நிலையத்தில் அளவுப் பலகையே பனிக்குள் புதைந்து காணாமல் போனது. அங்கே பதிவான 17.8 அங்குலம் சுற்றுப்புறத்தைவிடக் குறைவு என்று பெரும் சர்ச்சை எழுந்தது. அரசு ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. வாஷிங்டனின் எண் நிலைத்தது. நெவார்க் விமான நிலையத்தின் 28.1 அங்குலம் ஏற்கப்படவில்லை. சென்ட்ரல் பார்க்கின் அளவு புயலின்போது 26.8 அங்குலம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது, 2006 பிப்ரவரியின் 26.9 என்ற பதிவுக்கு அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு குறைவாக. அளந்தவர்களுக்கும் வானிலை அலுவலகத்துக்கும் இடையே தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த பிழையை அந்தக் குழு கண்டது. 1869 முதல் அங்கு வைக்கப்பட்டுவரும் பதிவேட்டில் மிகப் பெரிய பனிப்பொழிவாக 27.5 அங்குலம் ஏப்ரலில் எழுதப்பட்டது.